டிக்கெட் முன்பதிவு அமைப்புகளுக்கு விதி போட்டால் விமான நிறுவனங்களுக்குள் போட்டி நேர்மையாகுமா?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: விமான டிக்கெட் முன்பதிவு அமைப்புகள் ஒருசில நிறுவனங்களின் கையில் இருக்கின்றன, அவை யாரை மேலே காட்டுகின்றன, யாரைக் கீழே தள்ளுகின்றன என்பது பயணிக்குத் தெரிவதில்லை, அரசு விதி போட்டால் இது சரியாகுமா? கூடவே, அமெரிக்கா ஒருமுறை விதி போட்டு 20 வருடத்தில் எடுத்தும் விட்டதே, அப்படியென்றால் விதி தோற்றுவிட்டது என்றுதானே பொருள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் உண்மையில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. பட்டியலின் வரிசை யார் கையில் என்பது ஒன்று. அந்தப் பட்டியலில் இடம்பெற விமான நிறுவனம் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பது இன்னொன்று. முதலாவதற்குப் போட்ட விதி வேலை செய்தது. இரண்டாவதற்குப் போட்ட விதி, யாரைக் காப்பாற்ற வந்ததோ அவர்களுக்கே எதிராகத் திரும்பியது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி "விதி வேண்டுமா வேண்டாமா" என்று பேசுவதால்தான் இந்த விவாதம் முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது என்பது என் கருத்து.

நான் டிக்கெட் விநியோகத்தில், குறிப்பாக விமான நிறுவனங்களுக்கும் முன்பதிவு அமைப்புகளுக்கும் இடையிலான ஒப்பந்தங்கள் பக்கம், பல வருடங்கள் வேலை பார்த்திருக்கிறேன். வழக்கறிஞர் இல்லை. அதனால் கீழே சொல்வதைத் தொழில் தெரிந்தவனின் விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், சட்ட ஆலோசனையாக வேண்டாம்.

கொஞ்சம் பழைய கதை சொல்லித்தான் ஆக வேண்டும். 1960களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஐபிஎம்மோடு சேர்ந்து சேபர் என்ற கணினி முன்பதிவு அமைப்பை உருவாக்கியது, தன் சொந்த இருக்கைகளைக் கணக்கு வைத்துக்கொள்ளத்தான். 1976ல் அமெரிக்கன் சேபரையும், யுனைடெட் ஏர்லைன்ஸ் தன்னுடைய அப்போலோவையும் டிராவல் ஏஜென்ட்களின் மேசைக்கே டெர்மினலாகக் கொண்டுபோய் வைக்க ஆரம்பித்தன. எல்லா நிறுவனங்களின் விமானங்களும் ஒரே திரையில் வந்ததால் ஏஜென்ட்டுக்கு வேலை எளிதானது. 1978ல் கட்டணக் கட்டுப்பாடுகளை விலக்கும் சட்டம் வந்தது, கட்டணங்கள் ஓயாமல் மாற ஆரம்பித்தன, அச்சிட்ட அட்டவணையைப் புரட்டி டிக்கெட் போடுவது நடக்காத காரியமாயிற்று. விற்பனையில் பெரும்பகுதி ஏஜென்ட்கள் வழியாக நடந்த காலம் அது. ஆக, ஒரு விமான நிறுவனத்தின் டிக்கெட் விற்கிற வழி அதன் நேரடிப் போட்டியாளரின் கையில் போய்ச் சேர்ந்தது.

அந்த வழியை அவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. ஏஜென்ட் எப்போதும் அவசரத்தில் இருப்பவர், வாடிக்கையாளர் போனில் காத்திருக்கிறார். பாதிக்கு மேற்பட்ட புக்கிங் முதல் வரியிலிருந்தே போகிறது, பத்தில் ஒன்பது முதல் திரையைத் தாண்டுவதில்லை என்பது அப்போதே துறையில் கணக்கெடுக்கப்பட்ட விஷயம். பொய்த் தகவல் எதுவும் காட்ட வேண்டிய தேவையே இல்லை, வரிசையை முடிவு செய்யும் நிரலில் ஒரு சின்னத் திருத்தம் போதும். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களுக்கு இடையே விமானம் மாறும் பயணத்துக்குச் சில நிமிடங்களைத் தண்டனையாகக் கூட்டிவிட்டால் அது தானாகக் கீழே போய்விடும், தன் விமானத்திலிருந்து தன் விமானத்துக்கே மாறும் பயணம் மேலே வந்துவிடும். 1981ல் நியூயார்க் ஏர் என்ற புதிய மலிவுக் கட்டண நிறுவனம் நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்திலிருந்து டெட்ராய்ட்டுக்கு விமானங்கள் விட்டபோது, சேபர் திரையில் அவை அடிவரிகளுக்குத் தள்ளப்பட்டு, புக்கிங் வறண்டு, அந்தச் சேவையையே கைவிட வேண்டியதாயிற்று என்று புகார் எழுந்தது. அமெரிக்கனின் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டல் இதையெல்லாம் மறைக்க முயன்றதுகூட இல்லை. தன் விமானங்களுக்கு முன்னுரிமை கொடுத்துக் காட்டி, அதன் மூலம் சந்தைப் பங்கைக் கூட்டிக்கொள்வதற்காகத்தான் இந்த அமைப்பையே உருவாக்கினோம் என்று அமெரிக்கக் காங்கிரஸ் முன்னாலேயே வாதாடினார். நாங்கள் முதல் போட்டோம், பலனை ஏன் மற்றவர்களோடு பங்குபோட வேண்டும் என்பது அவர் தரப்பு. அந்த வாதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஏஜென்ட்டிடம் வந்து நிற்கும் பயணி தனக்குக் காட்டப்படுவது நடுநிலையான பட்டியல் என்று நம்பித்தான் பணம் கொடுக்கிறார், அந்த நம்பிக்கையை வைத்து லாபம் பார்ப்பதை முதலீட்டின் பலன் என்று என்னால் ஏற்க முடியாது.

1984ல், தான் கலைக்கப்படுவதற்குச் சற்று முன்னால், விமானத் துறையை ஒழுங்குபடுத்திவந்த அமெரிக்க சிவில் ஏரோநாட்டிக்ஸ் வாரியம் விதிகளைக் கொண்டுவந்தது. வரிசைப்படுத்தும்போது எந்த நிறுவனத்தின் விமானம் என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, புக்கிங் கட்டணத்தில் நிறுவனத்துக்கு நிறுவனம் பாரபட்சம் காட்டக் கூடாது, ஏஜென்ட்டோடு போடும் ஒப்பந்தம் 5 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்பவை அதில் முக்கியமானவை. ஐரோப்பாவில் 1987ல் அமேடியஸ், கலிலியோ என்ற இரண்டு அமைப்புகளை அங்குள்ள விமான நிறுவனங்களே கூட்டாகத் தொடங்கியிருந்தன, அதனால் 1989ல் அங்கேயும் ஒரு நடத்தை விதி வந்தது. இந்த விதிகளால் அப்பட்டமான திரைப் பாரபட்சம் அடங்கியது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

முழுசாக ஒழியவில்லை, வேறு இடத்துக்கு நகர்ந்தது. கோட்ஷேர் வந்ததும் ஒரே விமானத்தை இரண்டு மூன்று நிறுவனங்களின் எண்களில் இரண்டு மூன்று வரிகளாகக் காட்டி முதல் திரையையே நிரப்ப முடிந்தது, ஒரு வரிகூட விதியை மீறியதாகாது. அப்புறம் தரவு. எந்த ஏஜென்ட் எந்தப் போட்டியாளருக்கு எத்தனை டிக்கெட் போட்டார் என்பது அமைப்பை நடத்துகிறவருக்குத் தெரியும். அதை வைத்து, தங்கள் பக்கம் கூடுதல் டிக்கெட் திருப்பும் ஏஜென்ட்டுக்குக் கூடுதல் கமிஷன் என்று பேசினால் போதும், திரை சுத்தமாக இருந்தாலும் ஏஜென்ட்டின் கை ஒரு பக்கம் சாயும். திரையில் உள்ள பாரபட்சத்தைச் சோதித்துக் கண்டுபிடிக்கலாம், ஏஜென்ட்டின் மனசில் இருப்பதை யார் சோதிப்பது?

இனி புக்கிங் கட்டணம். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் சாதாரணப் போட்டித் தர்க்கம் இங்கே தலைகீழாக வேலை செய்கிறது. தொழிலில் இந்த அமைப்புகளை ஜிடிஎஸ் என்போம். ஒரு புக்கிங் நடந்தால் ஜிடிஎஸ்ஸுக்குப் பணம் கொடுப்பது விமான நிறுவனம், அதுவும் பயணத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக. ஏஜென்ட் பெரும்பாலும் எதுவும் கொடுப்பதில்லை, பல சமயம் அவருக்கு ஜிடிஎஸ்ஸிடமிருந்து ஊக்கத்தொகைதான் வருகிறது. ஒரு ஏஜென்ட் பொதுவாக ஒரே ஜிடிஎஸ்ஸைத்தான் வைத்துக்கொள்வார். விமான நிறுவனமோ எல்லாவற்றிலும் இருந்தாக வேண்டும், ஒன்றை விட்டால் அதை வைத்திருக்கிற ஏஜென்ட்கள் அத்தனை பேரும் கைவிட்டுப் போவார்கள். இப்போது யோசித்துப் பாருங்கள். மூன்று நான்கு ஜிடிஎஸ்கள் கடுமையாகப் போட்டி போட்டாலும், அந்தப் போட்டி ஏஜென்ட்டைப் பிடிப்பதற்குத்தான். ஏஜென்ட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்க விமான நிறுவனத்திடம் கூடுதலாக வாங்குவார்கள். அதாவது போட்டி கூடக் கூட விமான நிறுவனம் கொடுக்கும் கட்டணம் ஏறலாம், இறங்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

இதன் மேல் 1984 விதியின் "எல்லோருக்கும் ஒரே கட்டணம்" வந்து உட்கார்ந்தது. சின்ன நிறுவனத்தை அதிகக் கட்டணம் போட்டு நசுக்கக் கூடாது என்பது நல்ல நோக்கம்தான். நடந்தது என்னவென்றால், பேரம் பேசக்கூடிய பெரிய நிறுவனமும் பேரம் பேச முடியாமல் போயிற்று, ஒருவருக்குக் குறைத்தால் எல்லோருக்கும் குறைக்க வேண்டும் என்பதால் ஜிடிஎஸ் யாருக்கும் குறைக்கவில்லை. அப்புறம், ஒரு ஜிடிஎஸ்ஸில் பங்கு வைத்திருக்கும் விமான நிறுவனம் மற்ற ஜிடிஎஸ்களிலும் அதே அளவில் பங்கேற்க வேண்டும் என்ற கட்டாயமும் சேர்ந்தது. போட்டி அமைப்பைப் பட்டினி போட்டுக் கொல்லக் கூடாது என்பதற்கான விதி அது, ஆனால் "விலகிவிடுவேன்" என்று சொல்லும் உரிமை இல்லாதவனிடம் யார் விலையைக் குறைப்பார்கள்? நான் ஒப்பந்தப் பேச்சுகளில் உட்கார்ந்த காலத்தில் கற்றுக்கொண்ட முதல் பாடமே இதுதான், எழுந்து போகும் உரிமை ஒன்றுதான் பேரத்தில் உண்மையான ஆயுதம், அதை விதி பிடுங்கிக்கொண்டால் மற்ற நல்ல ஷரத்துகள் எத்தனை இருந்தும் பயனில்லை.

2000ல் அமெரிக்கனின் தாய் நிறுவனம் சேபரைத் தனி நிறுவனமாகப் பிரித்துவிட்டது, 2003க்குள் அமெரிக்காவின் மற்ற விமான நிறுவனங்களும் ஜிடிஎஸ் பங்குகளை விற்றுவிட்டிருந்தன. சொந்தக்காரரே போட்டியாளர் என்ற அடிப்படைக் காரணம் போனது, இணைய விற்பனையும் வளர்ந்திருந்தது. அதனால் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2004 ஜனவரி 31ஆம் தேதியோடு பெரும்பாலான விதிகளை விலக்கியது, திரைப் பாரபட்சத் தடையை மட்டும் இன்னும் ஆறு மாதம், ஜூலை 31 வரை வைத்திருந்தது. விதி தோற்றதால் எடுத்தார்கள் என்பது சரியல்ல, எந்தச் சூழலுக்காகப் போட்டார்களோ அது மாறிவிட்டது என்பதுதான் காரணம். ஆனால் கட்டண விதியை எடுத்தது சரி, திரை விதியை எடுத்தது தவறு என்பேன்.

ஏன் தவறு என்பதற்கு 2011 ஜனவரியில் நடந்ததே போதும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஜிடிஎஸ்ஸைச் சுற்றிக்கொண்டு ஏஜென்ட்களோடு நேரடி இணைப்பு வைக்க முயன்றது. பதிலுக்கு சேபர், அமெரிக்கனின் விமானங்களைத் திரையில் கீழே இறக்கியது, அதன் புக்கிங் கட்டணத்தையும் ஏற்றியது. விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் 2012ல் சமரசமாக முடிந்தது. திரையின் வரிசையை வைத்து ஒரு நிறுவனத்தைத் தண்டிக்க அந்த அமைப்பு இன்னொரு விமான நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை என்பது இதிலிருந்து தெரிந்தது. சொந்தக்காரர் யார் என்பதைவிட, ஏஜென்ட்டுக்குப் போகும் வழி யாருடையது என்பதுதான் முக்கியம். 2016ல் அதே போக்குவரத்துத் துறை, வெளியே சொல்லாமல் ஒரு நிறுவனத்தைச் சாய்த்துக் காட்டுவதை மறுபடி தடை செய்தது. பாதி வழி திரும்பி வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம், சொல்லிவிட்டுச் சாய்த்தால் இன்றும் பிரச்சினை இல்லை.

புக்கிங் கட்டணத்தைச் சந்தையிடம் விட்டபிறகு பேரம் நடந்தது, பெரிய நிறுவனங்களுக்குக் கட்டணம் குறைந்தது. ஆனால் அதற்கு ஈடாக ஒப்பந்தங்களில் ஒரு ஷரத்து நுழைந்தது: உன் எல்லா டிக்கெட் கட்டணங்களையும் எங்கள் திரையில் காட்ட வேண்டும், வேறெங்கும், உன் சொந்த இணையதளத்தில்கூட, இதைவிட மலிவாக விற்கக் கூடாது. படிக்கும்போது பயணிக்கு நல்லது போலத் தெரியும், எங்கே பார்த்தாலும் ஒரே விலை கிடைக்கிறதே. விளைவு வேறு. செலவு குறைவான ஒரு புதிய விற்பனை வழியை யாராவது உருவாக்கினால், அந்த மிச்சத்தை மலிவு டிக்கெட்டாகப் பயணிக்குக் கொடுக்கவே முடியாது, அப்படியென்றால் யார் அந்தப் புதிய வழிக்கு மாறுவார்கள்? யூஎஸ் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனம் இதை எதிர்த்து சேபர் மேல் 2011ல் வழக்குப் போட்டது. 2016ல் ஜூரி அதற்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது, 2019ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது, 2022ல் மறுவிசாரணையில் சேபர் ஏகபோகத்தைத் தவறாகக் காத்துக்கொண்டது என்று ஜூரி சொல்லி, நஷ்ட ஈடாக 1 டாலர் கொடுத்தது. 11 வருடம்! பொதுவான போட்டிச் சட்டமே போதும், தனி விதி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இதுதான். அதற்குள் யூஎஸ் ஏர்வேஸ் என்ற பெயரே சந்தையில் இல்லாமல் போய்விட்டது.

ஐரோப்பா எடுத்த வழி எனக்கு இதைவிடப் பிடிக்கிறது. 2009ல் விதியைத் திருத்தியபோது புக்கிங் கட்டணத்தைப் பேரத்துக்குத் திறந்துவிட்டார்கள், நடுநிலைத் திரையையும், ஜிடிஎஸ்ஸில் பங்கு உள்ள விமான நிறுவனங்களுக்கான கடமைகளையும் வைத்துக்கொண்டார்கள். அதன் குறை, ஏஜென்ட்டின் திரையை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதுதான். இன்று பயணி தானே தேடுகிறார், கூகுளில், ஸ்கைஸ்கேனரில், எக்ஸ்பீடியாவில்.

இதுவரை சொன்னதில் பெரும்பகுதி நடந்த வரலாறு, இதில் சண்டை போட அதிகம் இல்லை. இனி வருவது அப்படி இல்லை. ஜிடிஎஸ் கட்டணம் குறைந்தால் அந்தப் பணம் பயணியின் டிக்கெட் விலையில் இறங்குமா, விமான நிறுவனத்தின் பையில் தங்குமா என்பதில் இந்தத் துறையில் இருப்பவர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். கடும் போட்டி உள்ள வழித்தடத்தில் இறங்கும், ஒரே நிறுவனம் பறக்கும் வழித்தடத்தில் தங்கும் என்பது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அதேபோல் இன்று வழி யார் கையில் என்பதும் தெளிவாக இல்லை. 2015 செப்டம்பரில் ஜெர்மனியின் லுஃப்தான்சா, ஜிடிஎஸ் வழியாகப் போடும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 16 யூரோ கூடுதல் கட்டணம் வைத்தது, பெரிய கூச்சல் எழுந்தது, ஆனாலும் பின்வாங்கவில்லை. அதைப் பார்த்து, விமான நிறுவனங்களுக்குப் பலம் வந்துவிட்டது, விதி தேவையில்லை என்றார்கள். 2023ல் அமெரிக்கன் தன் டிக்கெட் கட்டணங்களில் கணிசமான பகுதியைப் பழைய ஜிடிஎஸ் இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு, என்டிசி என்ற புதிய இணைப்பில் மட்டும் கொடுத்தது. நிறுவனங்களுக்காகப் பயண ஏற்பாடு செய்யும் ஏஜென்ட்கள் மற்ற விமானங்களுக்குத் திரும்பினார்கள், 2024ல் அமெரிக்கன் அந்த உத்தியைக் கைவிட்டது. ஒரே தந்திரம், இரண்டு முடிவுகள். பலம் யாரிடம் என்பது பயணி யார், எந்தச் சந்தை என்பதைப் பொறுத்து மாறுகிறது, அதனால் "ஜிடிஎஸ் வில்லன், விமான நிறுவனம் பாவம்" என்று விதி எழுதுவது ஆபத்து. இரண்டு நாடுகளில் எடுத்த முடிவுகளே ஒரே விஷயத்தில் எதிரெதிராகப் போயிருக்கின்றன: என்டிசி மாதிரியான இணைப்பு செய்துகொடுத்த ஃபேர்லாஜிக்ஸை சேபர் வாங்க முயன்றபோது, 2020 ஏப்ரல் 7ஆம் தேதி அமெரிக்க நீதிமன்றம் சம்மதித்தது, இரண்டே நாளில் பிரிட்டன் போட்டி ஆணையம் தடுத்துவிட்டது.

இன்னொரு எச்சரிக்கை, இதைச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. எல்லாக் கட்டணமும் எல்லோருக்கும் உடனுக்குடன் தெரிய வேண்டும் என்று விதி போடுவதற்கு ஒரு கெட்ட பக்கம் உண்டு. அமெரிக்காவில் விமான நிறுவனங்கள் தங்கள் கட்டணங்களை அட்ப்கோ என்ற பொதுவான நிறுவனத்தின் வழியாக வெளியிட்டன. வருங்காலத் தேதி போட்ட கட்டண உயர்வை அறிவித்து, மற்றவர்கள் பின்தொடர்கிறார்களா என்று பார்த்து, இல்லையென்றால் திரும்பப் பெற்று, அடிக்குறிப்புக் குறியீடுகளில் ஒருவருக்கொருவர் சைகை காட்டி விலையை ஏற்றினார்கள் என்று அமெரிக்க அரசின் நீதி அமைச்சகம் 1992ல் வழக்குப் போட்டது, சமரசத் தீர்ப்பில் அந்த முறைகள் நிறுத்தப்பட்டன. பயணிக்கான வெளிப்படைத்தன்மையும் போட்டியாளருக்கான வெளிப்படைத்தன்மையும் ஒன்றல்ல. இன்று வாங்கக்கூடிய விலை எல்லோருக்கும் தெரியட்டும், நாளை மறுநாள் ஏற்றப்போகும் விலை போட்டியாளருக்குத் தெரியத் தேவையில்லை.

சரி, விதி எழுதச் சொன்னால் நான் எங்கே தொடங்குவேன்? ஒப்பீட்டுப் பட்டியல் காட்டுகிற யாராக இருந்தாலும், ஏஜென்ட் திரையோ, தேடுபொறியோ, செயலியோ, நிறுவனத்தின் பெயரையோ அது கொடுத்த பணத்தையோ வைத்து வரிசையை மாற்றக் கூடாது, பணம் வாங்கிக் காட்டும் இடத்தைக் கண்ணில் படுகிற மாதிரி தனியாகக் குறிக்க வேண்டும். அடுத்து, வேறிடத்தில் மலிவாக விற்காதே என்ற ஷரத்தைத் தடுப்பேன், புக்கிங் கட்டணத்தைத் தொடமாட்டேன். எல்லா ஜிடிஎஸ்ஸிலும் பங்கேற்க வேண்டும் என்ற கட்டாயத்தை, அதில் உண்மையாகவே உரிமைப் பங்கு வைத்திருக்கும் விமான நிறுவனத்துக்கு மட்டும் வைப்பேன். ஏஜென்ட்களின் புக்கிங் தரவை விற்பதென்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஏஜென்ட் யாரென்று தெரியாதபடி.

இதில் எனக்கே தீர்வு தெளிவாக இல்லாத இடம், ஆளுக்கு ஆள் மாறும் சலுகை. என்டிசியில் விமான நிறுவனமே ஒவ்வொரு தேடலுக்கும் தனியாக விலை கட்டி அனுப்ப முடியும், ஒருவருக்குப் பையோடு, இன்னொருவருக்கு இருக்கைத் தேர்வோடு. பொருளே ஒன்றுக்கொன்று ஒப்பாக இல்லாதபோது எதை வைத்து வரிசைப்படுத்துவது? வரியும் கட்டாயக் கட்டணங்களும் சேர்ந்த மொத்தத் தொகை, மொத்தப் பயண நேரம் என்ற இரண்டை மட்டும் அடிப்படையாக வைத்து, பையும் இருக்கையும் பயணி கேட்டபிறகு அதே வரிசையில் மறுபடி கணக்கிட வைப்பது இப்போதைக்கு எனக்குத் தோன்றும் வழி. இதைச் சரிபார்க்க நிரலைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. ஒரே வழித்தடம், ஒரே தேதி, ஒரே நிமிடம் என்று வைத்துக்கொண்டு வெவ்வேறு கணக்குகளிலிருந்து ஆயிரக்கணக்கில் தேடிப் பார்த்தால், எந்த நிறுவனம் விலையாலும் நேரத்தாலும் விளக்க முடியாத இடத்தில் போய் நிற்கிறது என்பது எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும். இதை அரசுதான் செய்ய வேண்டும் என்றும் இல்லை, கீழே தள்ளப்பட்ட விமான நிறுவனமே செய்து ஆதாரத்தோடு புகார் கொடுக்கலாம், அந்தப் புகாரை 11 வருடம் இல்லாமல் சில மாதங்களில் விசாரித்து முடிக்கும் அதிகாரம் உள்ள ஓர் அமைப்பு இருந்தால்.